பூசிய வண்ணமும் உரித்த வண்ணமும்

தங்கச்சிமடத்தில் எங்கள் பழைய வீட்டின் பின்புறம், ஓலைக் கொட்டகை ஒன்றில் என் தந்தையாரின் வத்தை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கிறது. எங்கள் தெருவிலிருந்து பாய் விரித்துக் கடலுக்குப் போன கடைசி வத்தை அது. சென்ற தவக்காலத்தில் என் தம்பி மகன் மதுரைக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

“பெரியப்பா, திருவிழாவுக்குள் தாத்தாவின் வத்தையைப் புதுப்பித்துக் கோயில் முற்றத்தில் மேடை கட்டி வைக்க இளைஞர்கள் எல்லாரும் தீர்மானித்திருக்கிறோம். மேடைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, நீலமும் வெள்ளையும் அடித்தால் புத்தம் புதிதாக இருக்கும். உங்கள் சம்மதம் வேண்டும்” என்றான்.

நல்ல காரியந்தான். பிள்ளைகள் கடலையும் முன்னோரையும் நினைக்கிறார்களே என்று மகிழ வேண்டிய நேரம். ஆயினும் “புத்தம் புதிதாக” என்ற சொல் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. “நான் வந்து பார்த்துச் சொல்கிறேன், அதுவரை தேய்க்க வேண்டாம்” என்று மட்டும் கூறி வைத்துவிட்டேன். அதற்கான காரணத்தைச் சொல்லப் புகுந்தால் விமானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வத்தைக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். என் வாழ்வில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

என் தந்தையார் ஓடாவி. கலம் கட்டும் தச்சர்களை எங்கள் கரையில் அப்படித்தான் அழைப்போம். நான் உளியைப் பிடிக்காமல் 1963இல் விமானப்படையில் சேர்ந்தேன். விமானத்தின் உடலைப் பழுது பார்ப்பது என் தொழிலாயிற்று. தந்தையார் பலகையோடு பலகை சேர்த்ததை நான் அலுமினியத் தகட்டோடு தகடு சேர்த்துச் செய்தேன். அவருக்கு ஆணி, எனக்கு ரிவெட். 1966இல் புணே நகருக்கு மாற்றலாகி, 6ஆம் விமான அணியில் லிபரேட்டர் விமானங்களின் பணியில் அமர்த்தப்பட்டேன்.

லிபரேட்டர் நான்கு எஞ்சின்கள் கொண்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இறக்கையின் முழுநீளம் 110 அடி. இரண்டாம் உலகப் போரின்போது 18,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. வயிற்றுப் பகுதியில் குண்டுகள் தொங்கும் அறையின் நடுவே முன்னும் பின்னும் போய்வர 9 அங்குல அகலத்தில் ஒரு பாதை உண்டு. பெட்ரோல் வாடை எந்நேரமும் வீசும். நம்மிடம் அது கடலைக் கண்காணிக்கும் பணியைச் செய்தது. குண்டு வீசப் பிறந்தது கடலோரக் காவலுக்கு வந்து முதுமையைக் கழித்தது எனலாம்.

அவை நம்மிடம் வந்து சேர்ந்த கதை விந்தையானது. போர்க்காலத்தில் அமெரிக்கா கடன்–குத்தகை ஒப்பந்தத்தின்படி இவற்றைப் பிரித்தானியருக்கு வழங்கியிருந்தது. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது பயன்படாதபடி அழிக்க வேண்டும். கான்பூரில் நின்ற விமானங்களைப் பிரித்தானியர் அழித்துவிட்டுப் போனார்கள். கருவிப் பலகைகளைச் சிதைத்தார்கள். சிலவற்றின் உடலில் கனத்த வாகனங்களை மோதவிட்டார்கள். எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள் என்றும் எங்கள் மூத்தவர்கள் சொல்வதுண்டு. இனி எழாது என்று கைவிடப்பட்ட அந்தக் குவியலிலிருந்து, 1948இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்டன. இப்படி ஏறத்தாழ 40 விமானங்கள் உயிர்பெற்று, 1968இன் இறுதிவரை இந்திய வானில் பறந்தன. உலகில் வேறெங்கும் லிபரேட்டர் இத்தனை காலம் படைப்பணியில் நீடித்ததில்லை.

ஆகவே நான் தொட்ட லிபரேட்டர் எதுவும், பிறந்தபோது இருந்த லிபரேட்டர் அன்று. ஒன்றின் வால், வேறொன்றின் கதவு, இன்னொன்றின் சக்கரம். அதைக் குறையென்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. பறக்கிறதா, பத்திரமாக இறங்குகிறதா என்பதே அன்றைய உரைகல்.

விமானங்கள் பணி ஓய்வு பெற்ற பின்தான் வேறொரு கேள்வி எழுந்தது. உலகெங்கும் செய்யப்பட்ட ஆயிரமாயிரம் லிபரேட்டர்களைப் போர் முடிந்ததும் உருக்கிப் பாத்திரமும் தகடும் ஆக்கிவிட்டிருந்தார்கள். மிஞ்சியவற்றில் பெரும்பகுதி, உடைத்துப் போடப்பட்டு நம்மவர் ஒட்டவைத்த இந்திய விமானங்களே! எனவே அருங்காட்சியகங்கள் இந்தியாவை நோக்கின. 1968இல் ஒன்று கனடாவுக்குப் பறந்து போயிற்று. 1969இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போயிற்று. 1974இல் ஒன்று பிரித்தானியாவுக்குப் போயிற்று. அது இன்று லண்டனின் ஹெண்டன் பகுதியிலுள்ள பிரித்தானிய விமானப்படை அருங்காட்சியகத்துக்கு உரியது. பிரித்தானியரிடம் அதன் எண் கேஎன் 751. நம்மிடம் எச்இ 807. நம் பங்குக்கு ஒன்று தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

போனவற்றுக்கு என்ன வண்ணம் பூசினார்கள்? கனடாவில் கனடிய வண்ணம். ஹெண்டனில், கோகோஸ் தீவுகளிலிருந்து பறந்த 99ஆம் அணியின் வண்ணம். அதுவாவது அந்த விமானமே ஒருகாலத்தில் உடுத்த உடை, பொய்யன்று. ஆயினும் பிரித்தானியரிடம் அது இருந்தது மிகக் குறுகிய காலம். நம்மிடம் இருந்தது இருபது ஆண்டுகள்.

இதைப் பற்றி நான் நெடுங்காலம் கவலைப்பட்டதில்லை. 2016இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் பேத்தி ஒரு படம் அனுப்பினாள். “தாத்தா, நீங்கள் வேலை பார்த்த விமானம்! நான் உள்ளே ஏறிப் பார்த்தேன்” என்று எழுதியிருந்தாள். அது காலிங்ஸ் அறக்கட்டளையின் லிபரேட்டர். 1944இல் செய்யப்பட்டு, பிரித்தானியரிடம் இருந்து, பின் நம்மிடம் 1968 வரை பணியாற்றிய விமானமேதான். பதின்மூன்று ஆண்டுகள் இங்கே கைவிடப்பட்டுக் கிடந்ததை 1981இல் டக் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் வாங்கினார். 1984இல் அமெரிக்கர் ராபர்ட் காலிங்ஸ் கைக்கு மாறியது. முதலில் நிறுத்திவைக்கும் காட்சிப் பொருளாக மட்டும் புதுப்பிக்க எண்ணியவர்கள், போரில் அவ்விமானங்களில் பறந்த முதியோரின் வேண்டுகோளால் பறக்கவே விட்டார்கள். 1989இல் பறந்தது.

பேத்தி அனுப்பிய படத்தில் அதன் மூக்கில் ‘விட்ச்கிராஃப்ட்’ என்று எழுதியிருந்தது. சூனியம் என்று பொருள். இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் மேல் 130 முறை பறந்து திரும்பிய மெய்யான ஒரு விமானத்தின் பெயர் அது. அந்த விமானம் என்றோ அழிந்துவிட்டது. அதன் பெயரை இது அணிந்திருந்தது. அதற்கு முன்பு 1989 முதல் ‘ஆல் அமெரிக்கன்’, 1998 முதல் ‘டிராகன் அண்டு ஹிஸ் டெயில்’ என்று வேறிரண்டு விமானங்களின் வேடம். ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் போரிட்ட மூன்று விமானங்களாக அது நடித்தாயிற்று. தானாக மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? எங்கள் சக்கர முத்திரை எங்கே? பெங்களூரில் மாவுபோல் மணலை வழித்தெடுத்த கைகள் எங்கே? பின்பு நிதானமாக நினைத்துப் பார்த்தேன். அந்த மூதாளர்கள் தங்களோடு பறந்து மடிந்த தோழர்களை நினைக்கத்தான் பணம் கொடுத்தார்கள். தங்கள் விமானத்தைத் தங்கள் வண்ணத்தில் ஒருமுறை காணத்தான் சக்கர நாற்காலியில் வந்தார்கள். இந்திய எண் தாங்கிய லிபரேட்டருக்கு நாம் ஒரு ரூபாய் கொடுத்தோமா? பதின்மூன்று ஆண்டுகள் மழையில் நனையவிட்டவர்கள் நாம்.

தவிர, நாமும் அதையே செய்திருக்கிறோம். 2018 மே மாதம் ஹிண்டன் தளத்தில் நம் விமானப்படையின் பாரம்பரிய அணியில் ஒரு டக்கோட்டா சேர்ந்தது. டக்கோட்டா விமானியாயிருந்த தம் தந்தையாரின் நினைவாக ராஜீவ் சந்திரசேகர் வாங்கிக் கொடுத்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் புதுப்பிக்கப்பட்டு, ஏப்ரல் மாதத்தில் ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் தாண்டி ஜாம்நகருக்குப் பறந்தே வந்தது. அதன் வாலில் விபி 905 என்று எழுதியிருக்கிறது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு சிறீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண் அது. இந்த விமானமோ 1944இல் செய்யப்பட்டு, பிரித்தானியப் படையில் கேஎன் 397 என்ற எண்ணோடு இருந்து, பின் இங்கிலாந்தில் குடிமை விமானமாக ஓடியது. சிறீநகரை அது அன்று கண்டதில்லை. ‘பரசுராமா’ என்ற பெயரும் நாம் இட்டதே. தொலைக்காட்சியில் அது பறந்ததைக் கண்டபோது நான் குற்றம் பார்த்தேனா? இல்லை. லிபரேட்டரில் இருந்த அதே பதினான்கு உருளை எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததே டக்கோட்டாவின் எஞ்சினும். அந்த உறுமலைக் கேட்டவுடன் கண்ணீர் வந்துவிட்டது. காது மெய்யென்று சாட்சி சொன்னபின் வால் எண்ணை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் வல்லுநர்கள் பார்க்கிறார்கள். பழைய விமானத்தை எப்படிப் பேணுவது என்பதில் என் வாழ்நாளிலேயே கருத்து எத்தனை மாறிவிட்டது! நாங்கள் இளைஞர்களாயிருந்த காலத்தில், பழையதை உரித்துப் பளபளப்பாக்குவதே மரியாதை. அதன்பின், போர்க்காலத்தில் இருந்த வண்ணத்தின் சாயல்கூடப் பிசகாமல், எச்சரிக்கை வாசகங்களின் எழுத்தளவுகூட மாறாமல் மீட்க வேண்டும் என்றார்கள். இப்போது, முடிந்தவரை கை வைக்காதே, இருக்கும் பழைய பூச்சைக் காப்பாற்று என்கிறார்கள். வாஷிங்டனிலுள்ள தேசிய வான்–விண்வெளி அருங்காட்சியகத்தில் ‘ஃபிளாக் பெய்ட்’ என்றொரு போர் விமானம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய்வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டைகளை ஒட்டுப்போட்டுச் சுமந்து நிற்பது. அதற்குப் புதுவண்ணம் அடிப்பதில்லை. உதிரும் பழைய வண்ணத்தைப் பிடித்து நிறுத்துவதற்கே பாடுபட்டார்கள்.

நம் லிபரேட்டர் சேர்ந்த அதே பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் உண்டு. 1942இல் அடிபட்டு நார்வேயில் உறைந்த ஏரியொன்றின் மேல் இறங்கி, பனி உருகியதும் மூழ்கியது, 1973இல் தூக்கினார்கள். அதை நேராக்கவில்லை. கிழிந்தது கிழிந்தபடியே காட்சிக்கு வைத்தார்கள். 2013இல் ஆங்கிலக் கால்வாயின் மணல்திட்டிலிருந்து ஒரு ஜெர்மானிய டோர்னியரைத் தூக்கியபோதும் அப்படியே. கடலுப்பு அலுமினியத்தை அரிப்பதை நிறுத்த, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை நீர்க்கச் செய்து மாதக்கணக்கில் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்றில் வளர்ந்த எனக்கு அந்தப் பாடு நன்றாகவே விளங்கும். பாம்பனில் பாலத்துக்கு வண்ணம் அடிப்பவர்கள் ஒரு முனையை முடிப்பதற்குள் மறுமுனை துருப்பிடித்துவிடும் என்று சிறுவயதில் பேசிக்கொள்வோம்.

மறுபக்கமும் உண்டு. 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரை மணலில் இறங்கிப் புதைந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று 1980இல் வெளிப்பட்டது. அரித்துப்போன அந்த உடலைக்கொண்டு பறக்க முடியாது. பெரும்பாலும் புதிய உலோகத்தால் மீண்டும் செய்து, 2011இல் பறக்கவிட்டார்கள். 2015இல் 31 இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அது அதே விமானமா? ஏட்டில் அதே விமானந்தான். எண்ணும் அதே எண்தான். பறக்க வேண்டுமானால் களைத்த உலோகத்தை மாற்றியே தீரவேண்டும்; நானே எத்தனை தகடுகளை அறுத்தெறிந்திருக்கிறேன்! மாற்றாமல் வைக்க வேண்டுமானால் தரையிறக்கிவிட வேண்டும். இரண்டையும் ஒருசேர விரும்புவோருக்கு விடை கிடையாது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1971க்குப் பின், வேறொரு தளத்தில், பணி முடிந்த பழைய ஹார்வர்டு பயிற்சி விமானம் ஒன்றை வாயிலில் நிறுத்துவதற்காக அழகுபடுத்தும் வேலை எங்களிடம் வந்தது. உரிப்புத் திரவத்தை ஊற்றி, கம்பித் தூரிகையால் நான்கு நாட்கள் தேய்த்தோம். உடலின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடியைத் திறந்தபோது, உள்முகத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ஒரு தலைப்பெழுத்து, ஒரு பெயர், மதுரை, 1953. எனக்கு முன்னால் அதே வேலையைச் செய்த ஒருவர்! தம் கை அங்கே பட்டது என்பதற்கு ஓர் அடையாளம். நான் சிரித்துக்கொண்டே அதையும் தேய்த்துவிட்டேன். மேலதிகாரி சொல்லவில்லை, மூடியின் உட்புறம் யார் கண்ணிலும் படப்போவதும் இல்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆர்வம், அவ்வளவுதான். வேலை முடிந்து விமானம் வெள்ளிபோல் மின்னியது. பாராட்டினார்கள். அந்தப் பெயர் என்ன என்று இப்போது எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வரவில்லை. ‘விட்ச்கிராஃப்ட்’ என்று எழுதியவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி?

தவக்காலம் முடிந்த வாரத்தில் ஊருக்குப் போனேன். புதிய பாம்பன் பாலத்தின் வழியே இரயில் ஊர்ந்தது. பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய பாலம், 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இந்தப் பழைய பாலத்தின் தூலங்களும் கடலில் விழுந்தன. விழுந்தவற்றைத் தேடியெடுத்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் மீண்டும் பொருத்தினார்கள். அந்தப் பாலத்தின் மேல்தான் 1965இல் தாம்பரம் பயிற்சியிலிருந்து விடுப்பில் வந்தேன். அப்பா கரையில் உட்கார்ந்து வத்தையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். ஏரா, அதாவது அடிமரம், மட்டும் எங்களுடையது. வங்குகளுக்குப் புதிதாகக் கருவேலம் வெட்டியிருந்தார். பலகைகளோ கரை ஒதுங்கியவை. யார் யாருடைய கலங்களின் பலகைகளோ! “இது நம் வத்தைதானா அப்பா?” என்று கேட்டேன். “ஏரா மாறாதவரைக்கும் நம்ம வத்தைதான்டா. பலகை இரவல்” என்றார்.

அந்த இரவல் பலகைகளுள் ஒன்றில் வெள்ளை எழுத்துகள் இருந்தன. அதை உட்புறமாகத் திருப்பி அறைந்திருந்தார். அதன்மேல் ஒருநாளும் வண்ணம் அடிக்கவில்லை. எண்ணெய் மட்டும் தடவுவார். அது யாருடைய கலம் என்று அவர் சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவு வந்ததில்லை. திரும்பி வராத ஒருவருடையது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது தம்பி மகன் தலைகுனிந்து நின்றான். பிள்ளைகள் பொறுக்காமல் வெளிப்புறத்தின் வலப்பக்கத்தைத் தேய்த்துவிட்டார்கள். ஒரு கோட்டு நீலமும் அடித்துப் பார்த்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கைவிளக்கை வாங்கிக்கொண்டு மெல்லக் குனிந்து உள்ளே பார்த்தேன். மூன்றாம் வங்குக்கும் நான்காம் வங்குக்கும் இடையே அந்தப் பலகை இருந்தது. எண்ணெய் கறுத்த அடுக்குக்குக் கீழே எழுத்துகள்: ‘ந்தோ’, பின் ஓர் இடைவெளி, அதன்பின் ‘ர்’. அந்தோணியாராக இருக்கலாம், எங்கள் கரையில் பாதிக் கலங்களுக்கு அந்தப் பெயர்தான்.

“பெரியப்பா, இது இருப்பது எங்களுக்குத் தெரியாது” என்றான் அவன்.

பையன்களை உள்ளே அழைத்தேன். ஒவ்வொருவனாகக் குனிந்து பார்த்தான். ஒருவன் கைப்பேசியில் படம் எடுத்தான். இன்னொருவன், தன் பாட்டியின் தகப்பனார் அந்தப் புயலில் தனுஷ்கோடிப் பக்கம் போனவர் என்றும், பாட்டி இன்னும் இருக்கிறாள் என்றும், அவளை அழைத்து வரட்டுமா என்றும் கேட்டான். நடக்க முடியாதவள், ஆட்டோவில்தான் கொண்டுவர வேண்டுமாம்.

ஆட்டோவுக்குப் போயிருக்கிறார்கள். வலப்பக்க நீலத்தை இனி உரிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உப்புத்தாள் கட்டை நான் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.